கொடியவன் பிறக்கிறானா, வளர்க்கப்படுகிறானா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கூலி உயர்வோ போனஸோ அல்ல. ஆனால் கூலிக்கும் போனஸுக்கும் போராடுகிற ஒவ்வொருவரும் என்றைக்காவது மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. ஒரே இலாகாவில், ஒரே சம்பளத்தில் வேலை செய்த இரண்டு பேர் மேஸ்திரி ஆகிறார்கள். ஒருவர் பழைய கூட்டாளிகளிடம் மனிதராகவே நடந்துகொள்கிறார். இன்னொருவர் மறுநாளே வாயைத் திறந்தால் வசவு. நடவுக்கு ஆள் சேர்க்கிறவர்களிலும் இரண்டு விதத்தையும் பார்க்கிறோம். ஏன் இந்த வித்தியாசம்? இது ஒன்று.

இன்னொன்று: வயிற்றில் அடிபட்ட ஏழையே சில சமயம் தன்னைப்போன்ற இன்னொரு ஏழையை அடிக்கச் சொல்லும் அரசியலுக்குக் கை தூக்குகிறானே, அது ஏன்? அவன் குணமே கெட்டதா? அல்லது யாராவது அவனைக் கெடுத்தார்களா?

இதற்கு நம்மிடையே இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. "எல்லாம் பிறவிக் குணம், போகாது" என்பது ஒரு பதில். "குணமாவது மண்ணாவது, எல்லாம் பொருளாதாரம்தான்" என்பது இன்னொரு பதில். இரண்டுமே பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பாதை கண்டுபிடிக்க முடியாது. விஞ்ஞானிகள் என்ன கண்டார்கள் என்று முதலில் பார்ப்போம்.

மூன்று இருட்டுக் குணங்கள்

கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2002-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் மூன்று குணங்களை ஒன்றாகச் சேர்த்து, இருட்டு மும்மை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள்.

முதலாவது, சூழ்ச்சிக் குணம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் வாழ்ந்த மாக்கியவெல்லி 1513-ல் அரசர்களுக்கு யோசனை சொல்லும் ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1532-ல்தான் அது அச்சாயிற்று. பதவியைக் காப்பாற்றப் பொய்யும் புரட்டும் வேண்டுமானால் செய்யத்தான் வேண்டும் என்று பச்சையாகச் சொன்ன புத்தகம் என்று பெயர் வாங்கிவிட்டது. அதனால் அவர் பெயரையே இந்தக் குணத்துக்கு வைத்துவிட்டார்கள். இந்தக் குணம் மிகுந்தவன் கோபப்பட மாட்டான். சிரித்துக்கொண்டே கணக்குப் போடுவான். உங்களுக்கும் எனக்கும் சண்டை மூட்டிவிட்டு, இருவருக்கும் சமாதானம் பேச அவனே வருவான்.

இரண்டாவது, தற்பெருமைக் குணம். குளத்துத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிய நார்சிஸஸ் என்ற கிரேக்கக் கதை இளைஞனின் பெயரால் இதை நார்சிஸம் என்கிறார்கள். இவனுக்கு மாலை வேண்டும், மேடை வேண்டும், கைதட்டல் வேண்டும். யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், அவரை ஜன்ம விரோதியாக்கிக்கொள்வான்.

மூன்றாவது, ஈரமற்ற குணம். சைக்கோபதி என்பார்கள். பிறர் வலி இவனுக்கு உறைக்காது. பின்விளைவைப் பற்றிக் கவலையில்லை, செய்ததற்கு வருத்தமும் இல்லை. பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பிறர் வேதனையைக் கண்டு சந்தோஷப்படுவது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இவை பைத்தியத்தின் பெயர்கள் அல்ல. உயரத்தையும் எடையையும் போல அளவில் கூடவும் குறையவும் இருப்பவை. கொஞ்சம் கொஞ்சம் எல்லோரிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. ஒரு சிலரிடம் மட்டும் பானை நிரம்பி வழிகிறது.

குணத்திலிருந்து அரசியலுக்கு

இந்தக் குணத்துக்கும் ஒருவனுடைய அரசியல் அபிப்பிராயத்துக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. ஆனால் அது நேர்வழியில் போகவில்லை, ஒரு வளைவு சுற்றிப் போகிறது.

1994-ல் அமெரிக்காவில் சிடானியஸ், பிராட்டோ முதலியோர் ஒரு மனப்பான்மையை அளந்து காட்டினார்கள். மேல்-கீழ் மனப்பான்மை என்று அதை நாம் சொல்லலாம். உலகத்தில் சில கூட்டம் மேலே இருக்கத்தான் வேண்டும், சில கூட்டம் கீழே கிடக்கத்தான் வேண்டும், அதுதான் ஒழுங்கு என்று நினைப்பது. ஜாதியின் பெயரால் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

2009-ல் கனடாவில் ஹாட்ஸன் என்பவரும் கூட்டாளிகளும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, இருட்டுக் குணங்கள் மிகுந்தவர்களிடம் இந்த மேல்-கீழ் மனப்பான்மை அதிகம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஜனங்கள்மீது துவேஷமும் இந்த மனப்பான்மை வழியாகவே அதிகம் வந்தது.

ஆனால் துவேஷத்துக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. கனடாவின் ஆல்டிமையர் 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் வேறொரு வகை மனிதனை வர்ணித்தார். மேலே இருப்பவனுக்குப் பணிவான், அவன் கைகாட்டிய ஆளை அடிப்பான், பழைய வழக்கத்தை விடமாட்டான். இவன் கொடியவன் அல்ல. பெரும்பாலும் பயந்தவன். நியூஸிலாந்தின் டக்கிட் என்பவர் 2001-ல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். உலகம் ஆபத்தான இடம் என்று பயப்படுகிறவன் பணியும் பாதையில் போகிறான். உலகம் ஒரு காடு, பலசாலிதான் பிழைப்பான் என்று நினைக்கிறவன் மிதிக்கும் பாதையில் போகிறான்.

இந்த வித்தியாசம் நமக்கு மிக முக்கியம். மிதிக்க ஆசைப்படுகிறவர்கள் எங்கும் சொற்பம்தான். அவர்களால் தனியே ஒன்றும் செய்ய முடியாது. பயந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அவர்கள் பின்னால் போய் நின்றால்தான் நாசம் வருகிறது. சொற்பமானவர்களின் குணத்தை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். ஆயிரக்கணக்கானவர்களின் பயத்தைப் போக்க முடியும்.

ஜெர்மன் தொழிலாளர்களின் கதை

இதெல்லாம் காகிதத்தில் எழுதியது, நிஜத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியைப் பாருங்கள்.

1929-ல் பிராங்பர்ட் நகரத்துச் சமூக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எரிக் பிராம் என்பவரும் ஹில்டா வைஸ் என்ற பெண்மணியும் ஒரு காரியம் செய்தார்கள். தொழிலாளர்கள் மனசில் உள்ளபடி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய 271 கேள்விகள் தயாரித்து, 3,300 பேருக்குக் கொடுத்தார்கள். சுமார் 1,100 பேர் பதில் எழுதி அனுப்பினார்கள். ஹிட்லர் வந்தபின் அந்த நிலையமே நாடுவிட்டு நாடு ஓட வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலில் பாதிப் பதில்கள் போக, 584 பேருடைய பதில்கள் மிஞ்சின. முழுப் புத்தகமாக அது ஜெர்மன் மொழியில் வெளிவந்தது 1980-ல்தான்.

அதில் என்ன இருந்தது? நாட்டில் உண்மையான அதிகாரம் யார் கையில் என்று கேட்டால், முதலாளிகள் கையில் என்று இடதுசாரித் தொழிலாளி பளிச்சென்று எழுதினான். அது கட்சிக் கூட்டத்தில் கேட்டுப் பழகிய பதில். ஆனால் குழந்தையை அடிக்காமல் வளர்க்க முடியுமா, கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாமா என்று வீட்டுக்குள் நுழைந்து கேட்டபோது அதே தொழிலாளிகளில் பலர் எஜமானனைப் போலப் பதில் எழுதினார்கள். கம்யூனிஸ்ட், சோஷல் டெமாக்ரட் கட்சிகளை ஆதரித்தவர்களில் வாயும் மனசும் முழுக்க ஒன்றாக இருந்தவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான் என்று பிராம் கணக்கிட்டார். கூட்டத்தில் கை தூக்கியவர்களின் எண்ணிக்கை ஒன்று, நெருக்கடி வந்தால் நிற்கப்போகிறவர்களின் எண்ணிக்கை வேறு என்பது அவர் கண்ட பாடம்.

நான்கு வருஷத்துக்குள் நெருக்கடி வந்தது. 1933 ஜனவரி 30-ம் தேதி ஹிட்லர் பிரதம மந்திரி ஆனான். அந்த வருஷம் மே முதல் தேதியை அவனே தேசியத் திருநாளாக அறிவித்துத் தொழிலாளர்களை ஊர்வலம் போகச் செய்தான். மறுநாள், மே 2-ம் தேதி, நாடெங்கும் தொழிற்சங்கக் காரியாலயங்களுக்குள் அவன் ஆட்கள் புகுந்து தலைவர்களைப் பிடித்துப்போனார்கள். சங்கச் சொத்தெல்லாம் பறிபோயிற்று.

அப்படியானால் ஜெர்மன் தொழிலாளியின் குணம்தான் காரணம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. மூன்று உண்மைகளைக் கவனியுங்கள்.

முதலாவது, 1932 தொடக்கத்தில் அந்த நாட்டில் சுமார் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். பயத்துக்கு விதை அங்கே இருக்கிறது. வயிறு நிரம்பிய காலத்தில் அதே ஜனங்கள், அதே குணத்தோடு, நாஜிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1928 தேர்தலில் அவர்களுக்கு நூற்றுக்கு 3 ஓட்டுக்கூட இல்லை.

இரண்டாவது, 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு நூற்றுக்கு 33 ஓட்டு. தொழிலாளர்களின் இரண்டு கட்சிகளும் சேர்ந்து வாங்கியது 37. கூடுதலாக வாங்கியும் தோற்றார்கள். ஏன்? இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று பிரதான விரோதியாகத் திட்டிக்கொண்டிருந்தன. சோஷல் டெமாக்ரட்டுகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்று கம்யூனிஸ்டுகள் அழைத்தார்கள். ஐக்கியம் இல்லாமல் போனது குணத்தின் குற்றமல்ல, கொள்கையின் குற்றம்.

மூன்றாவது, 1933 பிப்ரவரி 20-ம் தேதி பெர்லினில் கோயரிங்கின் அரசாங்க மாளிகையில் சுமார் இரண்டு டஜன் பெரிய ஆலை அதிபர்களும் பாங்கிக்காரர்களும் கூடினார்கள். உருக்கு அதிபர் குருப் இருந்தார், ரசாயனக் கம்பெனியான ஐ.ஜி. பார்பெனின் பிரதிநிதி இருந்தார். ஹிட்லர் பேசி முடித்ததும் தேர்தல் நிதி கேட்கப்பட்டது. 30 லட்சம் மார்க் எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் பிறர் வேதனையில் சந்தோஷப்படும் ஆசாமிகளா? வீட்டில் நல்ல தகப்பன்களாக இருந்திருக்கலாம். தொழிற்சங்கம் இல்லாத நாட்டில் லாபம் எவ்வளவு என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். கொடுமை செய்யக் கொடிய மனசு தேவையில்லை. கொடுமையால் லாபம் வந்தாலே போதும்.

யுத்தம் முடிந்து, அடோர்னோவும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆராய்ச்சி 1950-ல் வெளிவந்தது. பாசிஸத்துக்கு வசப்படும் மனசு எது என்று அளக்க ஒரு கேள்விப் பட்டியல் செய்தார்கள். அதிலும் குறைகள் இருந்தன. எல்லாக் கேள்விக்கும் "ஆமாம்" என்று தலையாட்டுகிறவனையும் அது பாசிஸ்டு பக்கம் சேர்த்துவிடும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் கேள்வியை உலகத்தின் முன் வைத்த பெருமை அந்த ஆராய்ச்சிக்கு உண்டு.

பொத்தானை அழுத்திய கை

குணம் பெரிதா, சூழ்நிலை பெரிதா? இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்பவர் ஆரம்பித்தார். அழைக்கப்பட்டவர்கள் சாதாரண மனிதர்கள். தொழிலாளி, குமாஸ்தா, படித்த உத்தியோகஸ்தர் எல்லோரும் உண்டு. பக்கத்து அறையில் இருப்பவர் பாடத்தைத் தவறாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வரை. உண்மையில் மின்சாரம் ஏதும் பாயவில்லை. அலறியது நடிப்பு. பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.

அதிகாரி "தொடருங்கள்" என்று சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், அழுத்தினார்கள். பொத்தானை வேறொருவர் அழுத்த, இவர் பக்கத்து வேலையை மட்டும் பார்க்கும்படி ஏற்பாடு செய்தபோது 40-க்கு 37 பேர் கடைசிவரை இருந்துவிட்டார்கள். "நான் எழுதுகிறவன்தானே, வெட்டுகிறவன் நானல்லவே" என்று சொல்லும் கணக்கப்பிள்ளையை இங்கே பார்க்கிறீர்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இன்னொரு ஏற்பாட்டில், கூடவே இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். பாதியில் ஒருவர் "நான் மாட்டேன்" என்று எழுந்தார். கொஞ்சம் கழித்து இரண்டாமவரும் எழுந்தார். அப்போது கடைசிவரை போனவர்கள் எத்தனை பேர்? 40-க்கு 4 பேர். அதே ஊர் மனிதர்கள், அதே இயந்திரம், அதே அதிகாரி. மாறியது ஒன்றே ஒன்று, பக்கத்தில் இரண்டு பேர் மறுத்தார்கள்.

இந்தப் பரீட்சையின் நடைமுறையைப் பற்றிப் பின்னால் பலர் குறைகள் சொல்லியிருக்கிறார்கள். கலந்துகொண்டவர்களில் சிலர் இது நிஜமல்ல என்று சந்தேகப்பட்டதும் உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், வேலைநிறுத்தம் செய்து பார்த்த உங்களுக்கு இந்த 26-ம் 4-ம் ஆச்சரியம் தராது. முதலில் இயந்திரத்தை நிறுத்துகிறவனுக்குத்தான் கை நடுங்கும். மூன்றாமவனுக்கு நடுங்காது.

குணமும் விளைகிறது

இருட்டுக் குணத்தில் பிறப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் விதை ஒன்றாக இருந்தாலும் மண்ணுக்குத் தக்கபடிதான் விளைச்சல். வயலில் நிற்கும் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2025-ல் டென்மார்க்கின் ஜெட்லரும் கூட்டாளிகளும் 183 நாடுகளில் சுமார் 18 லட்சம் பேருடைய பதில்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்த நாட்டில் முந்தைய வருஷங்களில் லஞ்சமும், ஏற்றத்தாழ்வும், வறுமையும், வன்முறையும் மிகுந்திருந்தனவோ, அங்கே பிற்பாடு இருட்டுக் குணமும் சற்றுக் கூடுதலாக இருந்தது. மிகப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. ஏமாற்றுகிறவன் ஜெயிக்கிறான் என்று பார்த்து வளரும் பிள்ளை, ஏமாறாமல் இருக்க ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது.

இந்த ஆராய்ச்சிகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் இவை அவரவர் தன்னைப்பற்றித் தானே எழுதிய பதில்கள். பல, மேல்நாட்டு மாணவர்களிடம் செய்தவை. இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது என்றால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. எனவே இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு பிடிக்காத ஆளுக்கெல்லாம் முத்திரை குத்தக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது குணச் சோதனை வைக்கிற கம்பெனிகள் பல நாடுகளில் உண்டு. இன்று நாம் பிறர்மேல் குத்தும் முத்திரை நாளைக்கு நம் நெற்றியிலேயே விழும்.

நம் வீட்டுக்குள் பார்ப்போம்

கடைசியாக, கசப்பான ஒரு விஷயம். இருட்டுக் குணம் எதிரி முகாமில் மட்டும்தான் இருக்குமா? இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இடதுசாரிப் பேச்சுப் பேசி, மேலே இருப்பவர்களை வன்முறையாலேனும் நொறுக்க வேண்டும் என்று ஆவேசப்படுகிறவர்களிடம் தற்பெருமையும் ஈரமற்ற குணமும் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். பிறருக்கு உதவும் குணத்துக்கும் அந்த ஆவேசத்துக்கும் சம்பந்தம் தென்படவில்லை. சிலருக்குக் கொடி என்பது ஏறிப்போக ஒரு வாகனம், அவ்வளவுதான்.

இதைக் கேட்டு, நியாயத்துக்காகக் கோபப்படுகிறவன் எல்லாம் கெட்டவன் என்று முதலாளி பிரசாரம் செய்யலாம். அது புரட்டு. அரைக்கூலி வாங்குகிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அவனுக்கு ஏதோ கோளாறு. ஆனால் எவன் கூலியைப் பற்றிப் பேசும்போதும் தன்னைப் பற்றியே பேசுகிறானோ, எவன் எதிரியைவிடப் பக்கத்துத் தோழனை அதிகம் வெறுக்கிறானோ, எவன் மேடையில் சமத்துவம் பேசிவிட்டுப் பெருக்க வந்த அம்மாளை "ஏய்" என்று கூப்பிடுகிறானோ, அவனிடம் பொறுப்பைத் தருமுன் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஆனால் ஆளைத் தேடிப் பிடிப்பது மருந்து அல்ல. வேஷம் போடத் தெரிந்தவனை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து ஏற்பாட்டில் இருக்கிறது. சங்கத்தின் வரவு-செலவை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படியுங்கள். ரசீதைக் கேட்பவனைத் துரோகி என்று சொல்ல விடாதீர்கள். தேர்தலைக் காலம் தவறாமல் நடத்துங்கள். முதலாளியிடம் பேச்சுவார்த்தைக்கு ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள், மூன்று பேரை அனுப்புங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சூழ்ச்சிக்காரனுக்கு இருட்டு அறை வேண்டும். தற்பெருமைக்காரனுக்கு நிரந்தர நாற்காலி வேண்டும். ஈரமற்றவனுக்குக் கேள்வி கேட்காத கூட்டம் வேண்டும். இந்த மூன்றையும் கொடுக்காவிட்டால் எந்தக் குணத்தவனும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டியதுதான்.

அதேபோல வீட்டிலும். பிராம் கேட்ட கேள்விகளை இன்று இரவு நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பிள்ளையை அடித்து வளர்க்கிறோமா? மனைவியின் சம்பளத்தை யார் வாங்கி வைக்கிறார்? சேரிப் பையன் நம் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானா? பணியவும் மிதிக்கவும் மனிதன் முதலில் கற்றுக்கொள்வது ஆலையில் அல்ல, வீட்டுத் திண்ணையில்.

தோழர்களே, கொடியவன் பிறக்கிறானா, வளர்க்கப்படுகிறானா என்று கேட்டோம். கொஞ்சம் பிறக்கிறான், அதிகம் வளர்க்கப்படுகிறான். ஆனால் அவன் ஜெயிப்பதும் தோற்பதும் நம்மைப் பொறுத்தது. அந்த அறையில் முதலில் எழுந்தவர் பெரிய வீரர் அல்ல. "நான் மாட்டேன்" என்று ஒரு சொல் சொன்னார், இரண்டாமவரும் சொன்னார். அதற்குப் பிறகு 40 பேரில் 36 பேர் மனிதர்களாக எழுந்து நின்றார்கள். இயந்திரத்தின் முன்னாலும் வரப்பின் மேலும் அந்தச் சொல்லை முதலில் சொல்ல ஒருவரும், உடனே சேர்ந்து சொல்ல இன்னொருவரும் தயாராக இருக்கும்படி நம் சங்கத்தைக் கட்டுவோம்.